கப்பல் சங்கு கேட்கும் தட்டு

— ஒருத்தருக்கு ஒண்ணுதான் ஐயா. காலையில இருந்து இதையே சொல்லிச் சொல்லித் தொண்டை வறண்டு போச்சு.

— நான் காலையில வரவே இல்லையே மகளே.

— நீங்க வரல. உங்க கட்டடத்துக் காவல்காரர் வந்தார். அப்புறம் உங்களுக்கு முடி வெட்டுறவர். மத்தியானம் ஒரு மீன்காரர், கையெல்லாம் செதிலோட. 'பாட்டு வந்து அம்பது வருஷம் ஆனதுக்குப் போட்ட ரெக்கார்டு ஒண்ணு கொடு'ங்கறார். வீட்டுல பிளேயர் இருக்கான்னு கேட்டா, 'அது எதுக்கு?'ங்கறார்!

— மீன் விக்கிறவன் பாட்டுக் கேட்கக் கூடாதா?

— தாராளமாக் கேட்கலாம். ஆனா மூணு பேரும் தெருமுனைக்குப் போய் உங்க கையில கொடுத்ததை இந்தக் கண்ணாடி வழியாப் பார்த்துக்கிட்டுதான் இருந்தேன். என் கடைக்கு வந்ததே ஆறு. அதுல மூணு உங்ககிட்ட. பதுக்கி வச்சு ரெட்டை விலைக்கு விக்கிறவங்க எத்தனை பேரைப் பார்த்திருக்கேன்! இந்த வயசுல உங்களுக்கு எதுக்குய்யா இது?

— வார்த்தையை அளந்து பேசு. நான் ஹாஃபிஸ் நுஸ்ரத் மகன் ருக்னெத்தின். முப்பது வருஷம் கோர்ட்டுல பதிவாளரா இருந்தவன். பதுக்கல்காரன்னு இதுவரைக்கும் எங்க வீட்டாளை யாரும் சொன்னதில்ல.

— அப்போ சேகரிக்கிறவரா? அது அதைவிட மோசம். இருபத்தஞ்சாம் வருஷம் ஒண்ணு போட்டாங்க. நாப்பதாம் வருஷம் நீலக் கலர்ல ஒண்ணு. இப்போ கூடவே இன்னொரு தட்டு சேர்த்து ஒண்ணு. உள்ள இருக்கிறது அதே பாட்டுங்க. எல்லாத்தையும் வாங்கிட்டு என்கிட்டதான் சண்டைக்கு வருவாங்க. 'துலின், உறை மூலை நசுங்கியிருக்கு. துலின், அட்டைப்படம் வெளிறிப் போச்சு. துலின், கப்பல் சங்கைக் காணோம்.'

— காணோமா?

— இருபத்தஞ்சாம் வருஷப் பதிப்புல அதை இரைச்சல்னு நெனைச்சுத் துடைச்சு எடுத்துட்டாங்க. ஒரே ரகளை. நாப்பதுல திரும்ப வச்சாங்க. ரெண்டாவது பாட்டுக்கு நடுவுல ஒரு தடவை ஊதும். பதிவு பண்ணும்போது எந்த மடையன் ஜன்னலைத் திறந்து போட்டான்னு இந்தப் புதுசு வர்ற வரைக்கும் இந்தக் கடையில அடிச்சுக்கிட்டிருந்தாங்க.

— மூணாவது பாட்டு. ஊதினது ரெண்டு தடவை.

— பாருங்க, சரியாத் திருத்துறீங்களே, நீங்களும் அந்தக் கூட்டந்தான்!

— இல்ல. முதல்ல வந்ததையும் சேர்த்துப் பழைய தட்டு மூணும் வீட்டுல இருக்கு. ஒண்ணையும் உறையை விட்டு எடுத்ததில்ல. தட்டு வாங்கின உடனே பின்பக்கத்தைப் பார்ப்பேன். எங்க வீட்டுப் பேர் அச்சாகலன்னு தெரிஞ்சதும் அலமாரியில வச்சுப் பூட்டிடுவேன்.

— எடுத்ததே இல்லன்னா, மூணாவது பாட்டுன்னு எப்படித் தெரியும்?

— யாரோ சொன்னாங்க. மீதி மூணையும் கட்டு.

— முதல்ல உங்க வீட்டுப் பேர் இதுல எதுக்கு வரப்போகுதுன்னு சொல்லுங்க.

— பின்னட்டையில 'முவல்லா'ன்னு மொட்டையா ஒரு பேர் இருக்கே.

— ஐயோ, பாடினவங்க! அவங்க உங்களுக்கு யாரு?

— தங்கச்சி. ஊருக்கே குர்ஆன் ஓதிக் காட்டின மனுஷன் வீட்டுப் பொண்ணு, பத்தொன்பது வயசுல, தோள்வரைக்கும் முடி வளர்த்த நாலு பயலுங்களோட போய் நின்னு... விடு. அதுக்கப்புறம் ஜெர்மனிக்குப் போனா. மூணு வருஷம் முன்னால அங்கேயே இறந்துட்டா. பேச்சுவார்த்தை கிடையாது.

— எப்ப இருந்து?

— நீ முந்தாநாள் கடை அதிர வச்சியாமே, புதுத் தட்டோட கடைசியில ஒரு சண்டை, அம்பது வருஷம் முன்னால அது நடந்த நாள்ல இருந்து. முடி வெட்டுறவன் மகன் இங்கே கேட்டுட்டுப் போய் அங்கே கத்தரிக்கோலுக்கு நடுவுல சொல்றான். 'எவனோ ஒரு ஆள் பாட்டு நடக்கிற இடத்துக்குள்ள புகுந்து, ஹாஃபிஸ் நுஸ்ரத் பேரைச் சொல்லிக் கத்தறான்'னு. முகத்துல பாதி சோப்போட நான் உட்கார்ந்திருக்கேன். அம்பது வருஷம் பொத்தி வச்ச வீட்டு விஷயம். அதை இலவச இணைப்பாக் கொடுக்கிறீங்க!

— அந்தக் குரல்... நீங்களா? யாருன்னு தெரியாம ரெண்டு நாளா மண்டையை உடைச்சுக்கிறோம்!

— உடைச்சுக்கிட்டே இருங்க. தட்டைக் கொடு.

— ஐயா, துருக்கி பூரா இது ஐந்நூறு போயிருக்கு. ஆறை ஒழிச்சு என்ன ஆகப் போகுது?

— மத்த ஊர்க்காரனுக்கு எங்க அப்பா யாருன்னு தெரியாது. நம்ம கடிக்கோய் ஊர்க்காரனுக்குத் தெரியும். இந்த ஆறு போதும்.

— நீங்க அதைக் கேட்டீங்களா?

— கத்தினவன் நான். என்ன கத்தினேன்னு எனக்குத் தெரியாதா? கதவை அறைஞ்சு சாத்திட்டு வந்தேன். அதோட முடிஞ்சுது.

— முடியல. கதவுக்கு அப்புறமும் ஓடுது. உட்காருங்க. டீயைக் குடிங்க, ஆறிப் போச்சு.

— நான் டீ குடிக்க வரல.

— சரி, இப்படி வச்சுக்குவோம். ஒரே ஒரு தடவை கேளுங்க. மூணையும் கட்டித் தந்துடறேன். என் சட்டத்தை நானே மீறுறேன்.

— மூணையுமா?

— மூணையும்.

— சரி, அந்தத் தட்டைப் போடு.

— "முவல்லா! கோட்டை எடு. ஹாஃபிஸ் நுஸ்ரத் மகள் கூத்தாடப் போயிட்டான்னு ஊர் பேசணுமா?"

— "நான் வரல அண்ணா."

— "அப்போ எனக்குத் தங்கச்சி இல்ல. இன்னியோட சரி."

— கதவைச் சாத்திட்டேன். போதும், எடு.

— கொஞ்சம் பொறுங்க ஐயா.

— "யாரும் என்னை அப்படிப் பார்க்காதீங்க. நான் அழல. எனக்கு ஒரே ஒரு உதவி பண்ணுங்க. அந்த ஜன்னலைத் திறங்க."

— "மழை பெய்யுது முவல்லா. கப்பல் சத்தமெல்லாம் உள்ள வந்து பாட்டுல விழும்."

— "விழட்டும். அண்ணன் வீட்டுக்குப் போயிருக்க மாட்டார். கீழே தையல்கடை வாசல்லதான் நிப்பார். நான் பாடி முடிக்கிற வரைக்கும் நகர மாட்டார். அவருக்குக் கேட்கணும்."

— அவ்வளவுதான் ஐயா. இதுக்கப்புறம் பாட்டு வந்துடும்... ஐயா? இந்தாங்க, சொன்னபடி மூணையும் கட்டிட்டேன்.

— வேண்டாம். இன்னிக்கு வாங்கின மூணையும் நாளைக்குத் திருப்பிக் கொண்டுவந்து தர்றேன். கேட்கிறவங்களுக்குக் கொடு.

— அப்போ, நிஜமாவே அந்த மழையில நின்னீங்களா?

— அம்பது வருஷமா நான் என்ன நெனைச்சுக்கிட்டிருந்தேன் தெரியுமா மகளே? யாரோ ஜன்னலைச் சாத்த மறந்துட்டாங்கன்னு.