அம்பாசிடரின் மேல்துணி

மின்விசிறிக்கு நேராக உட்காருங்கள் ஐயா, வடக்கனந்தலில் இந்த வருஷம் வெயில் ஜாஸ்தி. மோர் கொண்டுவரச் சொல்கிறேன், நிதானமாகப் பேசலாம்.

வெளியே நிற்கும் அம்பாசிடர் அப்பா வாங்கியது. உள்ளே தலைக்கு மேலே ஒட்டியிருக்கும் துணி பசை விட்டுப்போய்த் தொட்டில் மாதிரி தொங்கிவிட்டது. பின்சீட்டில் உட்கார்ந்தால் தலையில் உரசும், உளுத்த ஸ்பாஞ்சு தோளெல்லாம் கொட்டும். என் மகள் சந்தியாவுக்குக் கல்யாணம் வைத்திருந்தோம். எங்கள் வீட்டுப் பெண்கள் எல்லோரும் பெண்ணழைப்புக்கு அந்தக் காரில்தான் போனார்கள். பட்டுப்புடவை மேல் ஸ்பாஞ்சுத் தூளோடு பெண் இறங்கினால் சம்பந்தி வீட்டார் என்ன நினைப்பார்கள், நீங்களே சொல்லுங்கள்.

கள்ளக்குறிச்சியிலிருந்து கவுஸ் பாஷா பாயைக் கூட்டிவந்தேன். கார் சீட்டு தைக்கிறவர், கைசுத்தமான ஆள். பழையதைச் சுரண்டிவிட்டுப் புதுத் துணி ஒட்டினார். அப்பாவுக்கு நினைவு தப்பிப் பல வருஷமாகிறது. காரைப் பார்த்தால் ஏறிக்கொண்டு, "சங்கராபுரம் போவணும், வண்டிய எட்றா" என்பார். துணி எங்கே உப்பித் தெரிகிறதோ அங்கே விரலைக் கொடுத்துக் கிழிப்பார். பாய் ஒட்டியதையும் மறுநாளே பிய்த்துவிட்டார். நான் கோபப்படவில்லை. அவரைக் குளிப்பாட்டுவது, சோறு ஊட்டுவது, மலம் அள்ளுவது எல்லாம் நான்தான். தம்பி இளவரசன் பொங்கலுக்கு வந்து அவரோடு போட்டோ எடுத்துக்கொண்டு போவான்.

பாய் முகம் சுளிக்காமல் மறுபடியும் வந்து ஒட்டிக்கொடுத்தார்.

"கண்ணாடிய ஏத்திட்டு வெயில்லியே வுட்ருங்கண்ணே. சூட்டுலதான் துணி இழுத்துப் புடிக்கும். சாயங்காலம் வரிக்கும் கதவத் தொறக்காதீங்க, காத்து பூந்தா கொப்புளம் போட்டுக்கும். உள்ள மட்டும் யாரும் குந்தக் கூடாது. பசை நெடி ஆளையே சாச்சிப்புடும்" என்றார்.

என் மனைவி ஆண்டாள் பத்திரிகை வைக்க எலவனாசூர்கோட்டை போயிருந்தாள். அப்பா காலையிலிருந்தே சங்கராபுரம், சங்கராபுரம் என்று அழுதுகொண்டிருந்தார். பாவமாக இருந்தது. பின்கதவைத் திறந்து அவரை ஏற்றி உட்காரவைத்துச் சாத்தினேன். அந்தக் கதவு உள்ளிருந்து திறக்காது. அப்பா சந்தோஷமாகச் சிரித்தார்.

கொஞ்ச நேரத்தில் கண்ணாடியைத் தட்டினார். "அன்பு, எறங்கணும்டா. மூச்சு முட்டுதுடா அன்புச்செல்வா" என்றார். என்னை யாரோ வேலைக்காரன் என்று நினைத்து அதட்டிக்கொண்டிருந்தவர், அன்றைக்கு என் பேரை முழுசாகச் சொன்னார். எனக்கு மனசு கலங்கத்தான் செய்தது. ஆனால் கதவைத் திறந்தால் காற்று புகுந்துவிடுமே. வேப்பமரத்தடியில் நாற்காலியைப் போட்டு, அவர் முகம் தெரிகிற மாதிரி உட்கார்ந்துகொண்டேன். தட்டுவது நின்ற பிறகும் எழுந்திருக்கவில்லை.

சாயங்காலம் திறந்தேன். துணி கொப்புளமே இல்லாமல் இழுத்துப் பிடித்திருந்தது. தீட்டு வந்ததால் கல்யாணம் தள்ளிப்போயிற்று. சந்தியா அந்தக் காரில் ஏறவே மாட்டேன் என்கிறாள், என்னோடு பேசுவதும் இல்லை.

நான்தான் கொன்றேன் என்று எழுதிக்கொள்ளுங்கள், மறுக்கவில்லை. கூடவே இன்னொன்றையும் எழுதுங்கள் ஐயா. உயிர் போகும்போது பெற்ற பிள்ளை கண்ணெதிரே இருந்தான். எல்லா அப்பாவுக்கும் அது வாய்ப்பதில்லை.