கறிச்சட்டியை மூட வேண்டாம்

தலைமையேற்று அமர்ந்திருக்கும் பணிமனை மேலாளர் அவர்களே, வலப்புறம் வீற்றிருக்கும் மூத்த ஓட்டுநர்களே, காலை முதல் கால் கடுக்க நின்று சமைத்துவிட்டு இப்போதுதான் உட்கார்ந்திருக்கும் கேண்டீன் சமையல்காரர் அவர்களே, பிள்ளையை மடியிலும் கோபத்தை மூக்கு நுனியிலும் வைத்துக்கொண்டு வந்திருக்கும் தாய்மார்களே, கதவோரம் நின்று கைக்கடிகாரத்தைப் பார்க்கும் நடத்துநர் தோழர்களே, எல்லோருக்கும் இந்த மெக்கானிக்கின் பணிவான வணக்கம்.

பின்னாலிருந்து யாரோ, "சுருக்கமா பேசுப்பா" என்கிறார். வண்டியைப் பிரித்துப் போட்டவன் பூட்டிக் கொடுக்க வேண்டாமா ஐயா? பொறுங்கள்.

நம் முன்னால் இருக்கும் தீர்மானம் என்ன? இனி நம் கேண்டீனில் கறி சமைக்கக் கூடாது. கொண்டுவந்தவர் யார்? முன்வரிசையில் உட்கார்ந்து என்னை முறைக்கிறாரே, டிக்கெட் அலுவலகத்தில் வேலை பார்க்கும் என் சொந்த அக்கா. எதிர்த்துப் பேசுவது யார்? அவர் தூக்கி வளர்த்த தம்பி. வீட்டில் எனக்குச் சோறு கிடைக்குமா என்பது சந்தேகம்தான். இருந்தும் பேசுகிறேன்.

அக்காவின் கோபத்துக்குக் காரணம் என் மாமா, அவருடைய கணவர். நம் பணிமனையில் ஒரு வழக்கம் உண்டு. விபத்தே இல்லாமல் நெடுங்காலம் பேருந்து ஓட்டியவருக்கு 'மேல்கரண்டி'. கறிச்சட்டியைத் திறந்ததும், மேலே பளபளவென்று மிதக்கும் கொழுப்பை அப்படியே கோரி அவர் தட்டில் ஊற்றுவது. மாலை போட்டால் வாடும், பதக்கம் கொடுத்தால் கறுக்கும், கரண்டி கொடுத்தால் வயிற்றில் நிற்கும் என்று யாரோ தொடங்கி வைத்த மரியாதை. பல வருடமாக அது மாமாவுக்குத்தான். ஒரு நாள், "கொஞ்சம் குறைச்சு ஊத்துங்கண்ணே" என்று சொல்லிப் பார்த்தார். "உங்களுக்கு ஊத்தாம வேற யாருக்கு ஊத்துறது? தட்ட நீட்டுங்க" என்று இன்னொரு கரண்டி விழுந்தது. நாமெல்லாம் கை தட்டினோம். அன்பை மறுக்காமல் அத்தனையையும் சோற்றில் பிசைந்து சாப்பிட்டார்.

போன மழைக்காலத்தில் ஒரு நாள், பேருந்தை ஓரங்கட்டி, பயணிகளை எல்லாம் இறக்கிவிட்டு, அதன் பிறகே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்தார். ஆஸ்பத்திரி வராந்தாவில் அக்கா என் கையை இறுகப் பிடித்துக்கொண்டு நின்றார். எனக்கும் பயமாகத்தான் இருந்தது. அதைச் சொல்ல வெட்கமில்லை.

மாமா பிழைத்து வந்தார். வந்த கையோடு அக்கா கறியை நிறுத்தினார், எண்ணெயை நிறுத்தினார், தாளிப்பதையே நிறுத்தினார். வெந்த காயும் வெறும் சோறுமாக மாமா தவம் இருந்தார். எத்தனை நாளைக்கு? பசி தாங்காமல் தெருமுனையில் பொரித்த பலகாரம் வாங்கிச் சட்டைப்பையில் ஒளித்துவைத்தார். கறை காட்டிக்கொடுத்தது. "இது என்னங்க?" என்றார் அக்கா. "கிரீஸ்" என்றார் மாமா. மெக்கானிக்கின் அக்காவிடம் போய் கிரீஸ் என்று சொல்லலாமா? மோந்து பார்த்தார். அப்புறம் நடந்ததைச் சபையில் சொல்வதற்கில்லை.

இருவரையும் ஆஸ்பத்திரியில் உணவு ஆலோசனை சொல்லும் அம்மாவிடம் அழைத்துப்போனேன். "கறிய விட்டுட்டோம்" என்றார் அக்கா. "அடியோட விடச் சொல்லலையே. எந்தக் கறி, எப்படி சமைக்கிறாங்க?" என்றார் அந்த அம்மா. அக்கா என்னைப் பார்த்தார், நான் மாமாவைப் பார்த்தேன், மாமா சுவரைப் பார்த்தார். ஆறினால் உறைகிற கொழுப்பைக் குறையுங்கள், கொழுப்பே இல்லாமலும் உடம்பு ஓடாது, மீனிலும் கடலையிலும் விதை எண்ணெயிலும் இருப்பதை அளவாகச் சேருங்கள் என்று அவர் விளக்கினார். கேண்டீனில் அதெல்லாம் நடக்காது என்று அக்கா இந்தத் தீர்மானத்தை எழுதிக் கொடுத்துவிட்டார்.

நானும் சமையல்காரரும் செய்து பார்த்தோம். மலிவான கழுத்துக்கறிதான். முந்தைய நாளே வேகவைத்து, சூடு தணிந்ததும் குளிர்பெட்டியில் வைத்தோம். காலையில் திறந்தால் சட்டிக்கு மூடி போட்டதுபோல் வெள்ளையாக ஓர் ஏடு. தூக்கினேன், முழுசாகக் கையோடு வந்தது. "இதையா அந்த மனுஷனுக்கு ஊத்தினேன்" என்று சமையல்காரர் உட்கார்ந்துவிட்டார். அண்ணே, தலை குனியாதீர்கள். ஊற்றியது நீங்கள், கை தட்டியது நாங்கள்.

ஏடு போன கறியில் பயறு சேர்த்து, கடலை எண்ணெயை அளந்து ஊற்றிச் சமைத்தார். போன வாரம் நீங்கள் சாப்பிட்டது அதைத்தான். குறை சொன்னவர் உண்டா? அங்கே ஒருவர், "நான் ரெண்டாவது தடவ வாங்கினேன்" என்கிறார். மூன்றாவது தடவையும் பார்த்தேன் ஐயா.

இப்போது சொல்லுங்கள், கறியா குற்றவாளி? கண்மூடித்தனமாக ஊற்றிய கை அல்லவா குற்றவாளி? சட்டியை மூடினால் வசதி உள்ளவர் வெளியே போய்ச் சாப்பிட்டுக்கொள்வார். இங்கே மட்டுமே கறியைக் கண்ணால் பார்க்கும் துப்புரவுத் தோழர் எங்கே போவார்? வயிற்றில் பிள்ளையோடு டிக்கெட் கிழிக்கும் தங்கை எங்கே போவாள்? உழைக்கிற உடம்புக்கு உரம் வேண்டாமா? மலிவு விலையில் கிடைக்கும் மாமிசத்தை மதியோடு சமைத்தால் போதாதா?

அக்கா, நீங்கள் பயந்தது நியாயம். மாமாவின் உயிர் எனக்கும் உயிர்தான். அந்த உயிரைக் காக்க வழி தெரிந்த பிறகும் ஊர்ச் சட்டியைக் கவிழ்க்க வேண்டுமா?

அக்கா எழுந்து நிற்கிறார். அமைதி, அமைதி. "வாரத்துல ஒரு நாள் மீன் போடணும். அதையும் பொரிக்கக் கூடாது. எல்லாரும் ஒத்துக்கிட்டா தீர்மானத்த வாபஸ் வாங்கிக்கிறேன்" என்கிறார். ஒத்துக்கொள்கிறவர்கள் கை தூக்குங்கள். மாமா இரண்டு கையையும் தூக்குகிறார். ஒன்றை இறக்குங்கள் மாமா, ஆளுக்கு ஓர் ஓட்டுதான்.

தலைவர் அவர்களே, எண்ணத் தேவையில்லை. அக்கா சிரித்துவிட்டார். அந்த மழைக்காலத்துக்குப் பிறகு அவர் சிரித்து இன்றுதான் பார்க்கிறேன். இதற்கு மேல் பேசினால், கிடைக்கவிருக்கும் வீட்டுச் சோறும் போய்விடும். கேட்டிருந்த உங்கள் பொறுமைக்கு நன்றி, வணக்கம்.