அந்த எண் வாசலைச் சொல்லாது

மழை பெய்தால் நெட் மெதுவாகிவிடுகிறது என்று புகார் கொடுப்பவர்களில் பாதிப்பேர் வீட்டில் நான் பார்த்தது எலி கடித்த ஒயரைத்தான். எலியைக் காட்டினாலும் மழையைத்தான் திட்டுவார்கள். கேட்டீர்கள், சொல்கிறேன் சார். நிதானமாக எழுதிக்கொள்ளுங்கள், எனக்கு அவசரமில்லை.

என் அப்பா ரோட்டோரம் பள்ளம் வெட்டினார். அந்தப் பள்ளத்தில் போன கேபிளைக் கம்பத்தில் ஏற்றி வீடு வீடாக இழுத்தவன் நான். பத்தொன்பது வருஷம். ஏணி அழுத்திய இடம் தோளில் காய்ப்புக் காய்த்திருக்கிறது. அந்தத் தோளில்தான் என் மனைவியையும் மகளையும் உட்காரவைத்துச் சோறு போட்டேன். மனைவிக்குக் கை முறிந்த கதையை அவள் அண்ணன் உங்களிடம் சொல்லியிருப்பான். படியில் விழுந்தாள். ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடியது யார் என்று அவனிடம் கேளுங்கள்.

கட்டுப் பிரித்த மறுநாள் மகளைக் கூட்டிக்கொண்டு போய்விட்டாள். போன் மாற்றினாள், சிம் மாற்றினாள், சொந்த அண்ணனுக்கே ஊரைச் சொல்லவில்லை. கெட்டிக்காரி. ஒரே ஒரு தப்புச் செய்தாள். மகளின் பழைய மார்க் ஷீட் எங்கள் இருவருக்கும் பொதுவாக இருந்த மெயிலில் கிடந்தது. அதை எடுக்க ஒருநாள் உள்ளே போனாள். பதினோரு நிமிடம். நான் ஏழு மாதமாக, சாப்பாட்டுக்கு முன் கைகழுவுவதைப் போல, தினம் மூன்று வேளை அந்த மெயிலைத் திறந்து பார்த்துக்கொண்டிருந்தேன். கடைசியாக நுழைந்தவரின் ஐ.பி. முகவரி அதில் இருந்தது. நாலு துண்டாகப் புள்ளி வைத்த எண்.

ஜனங்கள் இந்த எண்ணுக்குக் கண்டபடி பயப்படுகிறார்கள். வீட்டில் பத்து போன் இருந்தாலும் வெளியே போகும்போது எல்லாவற்றுக்கும் அந்த ஒரே எண்தான். அது ஊரைச் சொல்லும், சில சமயம் அதையும் தப்பாகச் சொல்லும். எந்தக் கம்பெனி லைன் என்று சொல்லும். பெயரையோ தெருவையோ வாசலையோ சொல்லாது. எந்த நேரத்தில் அந்த எண் எந்த வீட்டுக்குப் போயிருந்தது என்பது கம்பெனிக்கு மட்டும்தான் தெரியும். அவள் வாங்கியிருந்தது எங்கள் கம்பெனி லைன். என் தப்பா சார் அது?

அந்த ஊர்க் கிளைக்குப் போன் போட்டேன். ஒரு பெண் எடுத்தாள்.

"இந்த நம்பர்லேர்ந்து திருட்டுப் படம் எறக்குறாங்களாம்மா. மேலேர்ந்து கேக்குறாங்க, எந்த வீடுன்னு பாத்துச் சொல்லு."

"யாருதான் எறக்கல அண்ணே? எங்க வீட்லயே ஓடுது," என்று சிரித்தாள். "நைசா இப்படியே எங்க வீட்டுக்காரரு எங்க சுத்துறாருன்னும் ஒருநாள் பாத்துச் சொல்லுங்க."

தேதியும் நேரமும் கேட்டாள். தெருவும் கதவு எண்ணும் சொன்னாள். அந்தப் பெண்மேல் வழக்குப் போடாதீர்கள், வெள்ளை மனசு.

இரண்டு நாள் லீவு எடுத்தேன். யூனிஃபார்ம், ஹெல்மெட், பை. காலை பத்தரைக்கு அந்த வீட்டுக்கு எதிர்க் கம்பத்தில் ஏறி அவள் லைனைக் கழற்றினேன். வீட்டிலிருந்தே கம்ப்யூட்டரில் வேலை செய்கிறாள் என்று ஜன்னல் வழியாகத் தெரிந்தது. நான் இழுக்கிற ஒயரில் சம்பாதித்து என்னையே வேண்டாம் என்பாளாம். புகார் கொடுக்க நேரம் விட்டு, இருபது நிமிடம் கழித்துக் கதவைத் தட்டினேன். ஹெல்மெட்டை இறக்கிக்கொண்டு குரலை மாற்றினேன்.

"நெட் கம்ப்ளைன்ட்."

"அதுக்குள்ளயா வந்துட்டீங்க அண்ணா? சாயங்காலம்னாங்க," என்றபடி கதவுச் சங்கிலியை எடுத்தாள்.

ஹெல்மெட்டைக் கழற்றினேன். அவள் கத்தவில்லை. சுவரோடு சுவராக நின்று, "எப்படி வந்தீங்க?" என்றாள். நான் பொறுமையாக விளக்கினேன். எண் எதைச் சொல்லும், எதைச் சொல்லாது, எல்லாம். முழுவதும் கேட்டாள்.

"அந்த மெயில தொறக்கும்போதே மனசு அடிச்சுக்கிச்சு. பாப்பாவுக்கு ஸ்கூல்ல கேட்டாங்களேன்னு..."

"வா, வீட்டுக்குப் போலாம்."

"செத்தாலும் வரமாட்டேன்."

சாவு என்ற சொல்லை நான் எடுக்கவில்லை, சார். அவள் வாயிலிருந்து வந்தது. என் கையில் ஒயர் இருந்தது. தொழில் செய்கிறவன் கையில் வேறென்ன இருக்கும்? ரொம்ப நேரம் ஆகவில்லை. அவள் கழுத்தில் அப்போதும் வேலைக்கு மாட்டிய ஹெட்போன் இருந்தது. அதைக் கழற்றி மேஜைமேல் வைத்தேன். நான்தான் செய்தேன். இன்னொரு முறை கேட்டாலும் இதையேதான் சொல்வேன். வருத்தப்படுவேன் என்று நீங்கள் எதிர்பார்த்தால் அது உங்கள் பாடு.

என்னை மிருகம் என்று வெளியே பேசிக்கொள்கிறார்கள். மிருகமாக இருந்தால் அப்படியே ஓடியிருப்பேன். நான் மறுபடி கம்பத்தில் ஏறி அவள் லைனைச் சரியாக மாட்டிவிட்டுத்தான் போனேன். மகள் நாலு மணிக்குப் பள்ளியிலிருந்து வருவாள். கதவைத் திறந்து பார்த்தபிறகு யாரையாவது கூப்பிட அவளுக்கு நெட் வேண்டாமா? பெற்ற பிள்ளைக்காக அந்த நேரத்திலும் அவ்வளவு யோசித்த அப்பனை நீங்கள் பார்த்திருக்க மாட்டீர்கள்.