சண்டை இல்லாத படக்கதைகள்

சண்டை இல்லாத நல்ல காமிக்ஸ் தமிழில் கிடைப்பது கஷ்டம், மேடம். அட்டையில் ஒரு கிழவர் குடை பிடித்துக்கொண்டு நிற்பார். அமைதியான கதை போலிருக்கிறதே என்று வாங்கி வந்தால் பன்னிரண்டாம் பக்கத்தில் அந்தக் குடைக்குள்ளிருந்து துப்பாக்கி வரும். இப்படிப் பலமுறை ஏமாந்த பிறகு ஒரு பழக்கம் வைத்துக்கொண்டேன். எந்தப் புத்தகத்தையும் பின்னாலிருந்து புரட்டுவேன். கடைசி ஐந்து பக்கங்களில் யாரும் ஓடவில்லை, எதுவும் எரியவில்லை, ‘டமால்’ என்று கொட்டை எழுத்து இல்லை என்றால் நம்பி வாங்கலாம்.

என் பெயர், வயது, கள்ளக்குறிச்சி பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் இருக்கும் என் மெடிக்கல் ஷாப், எல்லாம் எழுதிக்கொண்டீர்கள். புத்தகங்களைப் பற்றித்தான் யாரும் கேட்கவில்லை. அதைச் சொல்லாமல் தம்பியைப் பற்றிச் சொல்ல எனக்குத் தெரியாது.

அன்புச்செல்வன் என்னைவிட எட்டு வயது சின்னவன். மூங்கில்துறைப்பட்டுப் பக்கம் எங்களுக்குக் கரும்புக் காடு இருக்கிறது. அப்பாவுக்குப் பிறகு அவன்தான் பார்த்துக்கொண்டான். அவன் வீட்டுக்குள் நடந்து வந்து நான் பார்த்ததில்லை, குதித்துத்தான் வருவான். சின்ன வயதில் காமிக்ஸ் படித்தால்கூடக் குத்து விழும் இடத்தில் தலையணையைக் குத்துவான். ஊரில் யார் வீட்டு விசேஷம் என்றாலும் ‘அன்பு வந்தாச்சா’ என்றுதான் கேட்பார்கள். நானும் அங்கேதான் நின்றுகொண்டிருப்பேன். அதில் எனக்கு வருத்தம் ஒன்றும் இல்லை. அறிவுச்செல்வன் என்ற பெயரைச் சுருக்கி யாரும் என்னைக் கூப்பிட்டதில்லை, அவ்வளவுதான்.

மூன்று வருடத்துக்கு முன் கரும்பு லோடு மேலே ஏறிக் கயிறு இழுத்துக் கட்டும்போது கயிறு அறுந்து தலைகீழாக விழுந்தான். பதினாறு நாள் நினைவில்லை. எழுந்த பிறகு வலிப்பு வர ஆரம்பித்தது. புதுச்சேரியில் பார்த்த டாக்டர் மாத்திரை எழுதிக் கொடுத்துவிட்டு, டிவியும் செல்போனும் கொஞ்ச காலத்துக்கு வேண்டாம், மனசு பதறுகிற மாதிரி எதுவும் வேண்டாம் என்றார். அவன் மனைவி தமிழ்மொழி அங்கன்வாடியில் வேலை பார்க்கிறவள். குழந்தை தனுஷாவுக்கு அப்போது மூன்று வயது. வீட்டில் சத்தம் இல்லாமல் இருக்காது. அதனால் வெள்ளிமலையில் ஒரு வீட்டை வாடகைக்குப் பிடித்து அவனைக் கூட்டிக்கொண்டு போனேன். கடையைக் கூட்டாளி பார்த்துக்கொண்டார். நான் வாரத்தில் இரண்டு நாள் மட்டும் கீழே இறங்குவேன்.

சும்மா படுத்திருப்பவனுக்கு என்ன கொடுப்பது? பழைய காமிக்ஸ் கட்டு ஒன்றை எடுத்துப் போனேன். இரண்டாம் நாளே எழுந்து நின்று சுவரைக் குத்தினான், விரல் கிழிந்தது. அன்றிலிருந்துதான் தேட ஆரம்பித்தேன். விழுப்புரம் புத்தகத் திருவிழா, சென்னையில் நடைபாதைக் கடைகள், சேகரிப்பவர்களின் வாட்ஸ்அப் குழுக்கள் என்று ஓர் இடம் விடவில்லை. பொறுமையாகத் தேடினால் கிடைக்கும், மேடம். ஒரு குடும்பம் வீடு மாறுகிறது, தொண்ணூறு பக்கமும் சாமான் கட்டுவதுதான் கதை. இன்னொன்றில் மாடி வீட்டுக்காரியும் கீழ் வீட்டுக்காரரும் ஓர் எலுமிச்சை மரத்துக்காகப் பேச்சை நிறுத்திவிடுகிறார்கள். கடைசிவரை பேசுவதில்லை. மரம் மட்டும் வளர்கிறது. பனி பெய்யும் ஊரில் தபால்காரர் ஒருவர் தெருத் தெருவாகப் போவது ஒரு கதை. அதில் பேச்சு பதினேழு இடத்தில்தான் வரும், எண்ணியிருக்கிறேன்.

சாயங்காலங்களில் அவனுக்குப் படித்துக் காட்டுவேன். என் தோளில் சாய்ந்துகொண்டு படங்களைப் பார்ப்பான். அதற்கு முன் அவன் என் பக்கத்தில் பத்து நிமிடம் சேர்ந்தாற்போல் உட்கார்ந்ததில்லை. நான் கீழே போகும் நாட்களில் பஸ் சத்தம் கேட்டால் வாசல்படியில் வந்து உட்கார்ந்திருப்பான். “வந்துட்டியாண்ணா” என்பான். எனக்காக ஒருவர் வாசலில் காத்திருந்தது நாற்பது வயதில் அதுதான் முதல் தடவை.

பதினான்காம் மாதம் டாக்டரிடம் கூட்டிப்போனேன். தமிழ்மொழிக்கு அன்று லீவு கிடைக்கவில்லை. ஸ்கேன் எல்லாம் பார்த்துவிட்டு அவனை வெளியே உட்காரச் சொன்னார் டாக்டர். நன்றாகத் தேறிவிட்டான், மாத்திரையைப் படிப்படியாகக் குறைத்துவிடலாம், வீட்டுக்கு அனுப்புங்கள் என்று என்னிடம் சொன்னார். நல்ல டாக்டர். அவர் மேல் தப்பு எதுவும் இல்லை. பஸ்ஸில் திரும்பும்போது அன்பு கேட்டான், இன்னும் ஒரு வருடம் ஆகும் என்றார் என்று சொன்னேன். தமிழ்மொழியிடமும் அதையே சொன்னேன்.

அந்த வாரம்தான் தபால்காரர் கதையை மறுபடி படித்துக்கொண்டிருந்தோம்.

“ண்ணா, இதுல இன்னா நடக்குது?” என்றான்.

“பனி பெய்யுது.”

“அதான் நாலு பக்கமா பெய்யுதே. அப்புறம் இன்னா?”

“அப்புறம் நின்னுடும்.”

சிரித்தான். பழைய சிரிப்பு, விழுவதற்கு முன்பு இருந்தது. எனக்கு அது பயமாக இருந்தது. மறுநாள் காலை அவன் கேழ்வரகுக் கூழில் தூக்க மாத்திரை ஒன்றைப் பொடித்துக் கலந்தேன். அவன் அமைதிக்காக என்றுதான் நினைத்தேன். அடுத்த மாதம் இரண்டாக்கினேன். நான் இறங்கும் நாட்களில் கலக்கி மூடி வைத்துவிட்டுப் போவேன். பக்கத்து வீட்டு இருசம்மாள் எடுத்துக் கொடுப்பார். அவருக்கு எதுவும் தெரியாது. தயவுசெய்து அவரை ஸ்டேஷனுக்கு இழுக்காதீர்கள்.

பிறகு ஒரு வருடம் எந்தத் தொந்தரவும் இல்லை. ஒரு பக்கத்தையே மத்தியானம் முழுக்கப் பார்த்துக்கொண்டிருப்பான். நாற்பத்தொரு புத்தகங்கள் சேர்ந்தன.

போன மே மாதம் தமிழ்மொழி குழந்தையோடு வந்தாள். தனுஷா அப்பாவுக்கென்று கச்சிராயபாளையம் கடையில் ஒரு காமிக்ஸ் வாங்கி வந்திருந்தது. அட்டையிலேயே குதிரையும் கத்தியும். தூங்கிக்கொண்டிருந்தவன் அதற்காக எழுந்து உட்கார்ந்தான். குழறும் நாக்கால் ‘டிஷ்யூம், டிஷ்யூம்’ என்று படித்துக் காட்டினான். குழந்தை விழுந்து விழுந்து சிரித்தது. அவர்கள் போன பிறகு அந்தப் புத்தகத்தை அடுப்பில் வைத்தேன்.

போவதற்கு முன் தமிழ்மொழி என்னைத் தனியாகக் கூப்பிட்டாள்.

“மாமா, இவரு இன்னா எந்நேரமும் தூங்கிக்கினே கீறாரு? நாக்கு வேற குழறுது. முன்ன இப்படி இல்லையே. மாத்திரை ஜாஸ்தியா இருக்குமோ?”

“டாக்டர் எழுதினதுதாம்மா.”

“நான் ஒருவாட்டி அந்த டாக்டர்கிட்ட பேசட்டுமா?”

“பேசேன்” என்று நம்பர் எழுதிக் கொடுத்தேன். ஒரு எண்ணை மட்டும் மாற்றி எழுதினேன்.

அவள் லேசுப்பட்டவள் இல்லை. ஒரு மாதம் போன் செய்து பார்த்துவிட்டு, நேரே புதுச்சேரிக்கே போய்விட்டாள். புதன்கிழமை சாயங்காலம் எனக்குப் போன் வந்தது. அவள் கத்தவில்லை.

“டாக்டர் எல்லாம் சொல்லிட்டாரு மாமா. நாளைக்குப் பதினோரு மணி பஸ்ஸுக்கு வரேன். அவரை வூட்டுக்குக் கூட்டிக்கினு போறேன். அவர்கிட்ட போனக் குடுங்க.”

கொடுத்தேன். அவள் என்ன சொன்னாள் என்று தெரியாது. அவன் ‘உம், உம்’ என்று கேட்டுக்கொண்டிருந்தான்.

காலையில் நான் எழுந்தபோது அவன் எனக்கு முன்பே எழுந்திருந்தான். நான்கு சட்டைகளை மடித்து மஞ்சள் பையில் வைத்திருந்தான். மடிப்பு கோணல்மாணலாக இருந்தது, விரல்கள் சரியாக வரவில்லை. வாசல்படியில் உட்கார்ந்திருந்தான். முகம் ரோட்டுப் பக்கம் இருந்தது. மணி ஏழுகூட ஆகவில்லை. “அன்பு” என்றேன். திரும்பவில்லை.

உள்ளே போய்க் கூழ் கலக்கினேன். வழக்கமான இரண்டு அல்ல. டப்பாவில் இருந்த எல்லாவற்றையும் பொடித்தேன். இதைத் தெளிவாக எழுதிக்கொள்ளுங்கள், மேடம். எத்தனை போட்டால் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியும். இருபது வருடமாக மெடிக்கல் ஷாப் வைத்திருக்கிறேன்.

“கசக்குதுண்ணா” என்றான்.

“மோர் புளிச்சிடுச்சு. குடிச்சிடு. பஸ்ல பசிக்கும்.”

குடித்தான். டம்ளரை வாங்கி உள்ளே பார்த்தேன். அடியில் கொஞ்சம் இருந்தது. தண்ணீர் ஊற்றிச் சுழற்றி அதையும் கொடுத்தேன்.

பிறகு புதிதாக வந்த புத்தகத்தை எடுத்துப் பக்கத்தில் உட்கார்ந்தேன். ஆற்றுப்பாலம் ஒன்றைத் திறந்து மூடும் காவலாளியின் கதை. படகு வந்தால் திறப்பார், போனால் மூடுவார். முப்பதாவது பக்கம் வரும்போது தலை என் தோளில் விழுந்தது. கட்டிலுக்குத் தூக்கிப்போய்ப் படுக்கவைத்தேன். மூச்சு ஒரு மாதிரியாக இழுத்தது. ஆஸ்பத்திரி ஒரு கிலோமீட்டர்கூட இல்லை. நான் புத்தகத்தை விட்ட இடத்திலிருந்து சத்தமாகப் படித்தேன். நூற்று இருபது பக்கம். முடிக்கும்போது அறையில் என் குரல் மட்டும்தான் இருந்தது.

இருசம்மாள் பால் கொண்டுவந்தவர் எட்டிப் பார்த்தார். “தம்பி தூங்குதா?” என்றார். “தூங்குறான்” என்றேன். போர்வையை இழுத்து அவன் காலை மூடிவிட்டுப் போனார்.

பதினோரு மணி பஸ்ஸில் தமிழ்மொழி தனுஷாவையும் கூட்டிக்கொண்டு இறங்கினாள். குழந்தை பார்க்க வேண்டாம் என்று இருசம்மாளிடம் சொல்லி, பின்பக்கம் பலாமரத்தைக் காட்ட அழைத்துப்போகச் செய்தேன். அதை நீங்கள் கவனத்தில் எடுத்துக்கொள்ளலாம். தமிழ்மொழி உள்ளே போனாள். நான் வெளியே நின்றேன். பிறகு அவள் சத்தம் வந்தது.

கரும்புக் காட்டுக்காகவா என்று உங்கள் ஏட்டு கேட்டார். அந்த நிலத்தில் எனக்கு ஒரு ஆசையும் இல்லை. கீழே போனால் அவன் மறுபடி பழைய அன்பு ஆகிவிடுவான், அந்தச் சத்தம் அவன் உடம்புக்கு ஆகாது. அதற்காகத்தான்.

நேற்று நீங்கள் அந்த நாற்பத்தொரு புத்தகங்களையும் மேஜையில் பரப்பிக் காட்டியபோதுதான் நானும் பார்த்தேன். என்னோடு படிக்கும்போது அவன் கையில் பென்சில் இருந்ததில்லை. படித்து முடித்து அடுக்கிவைத்த புத்தகங்களை நான் இறங்கிய நாட்களில் எடுத்து வரைந்திருக்க வேண்டும். ஏறக்குறைய எல்லாப் புத்தகங்களிலும் பக்க ஓரத்தில் குச்சி மனிதர்கள். ஓடுகிறார்கள், தாவுகிறார்கள், குத்துகிறார்கள். எலுமிச்சை மரத்தில் ஒருவன் தொங்குகிறான். வேகமாகப் புரட்டினால் ஒரே ஆள் மலைப் பாதையில் வளைவு வளைவாகக் கீழே ஓடுகிறான் என்று நீங்கள் புரட்டிக் காட்டினீர்கள். இன்னொரு பக்கத்தில் கண்ணாடி போட்ட உயரமான ஆள் ஒரு டம்ளரில் எதையோ போடுகிறான். பின்னால் கட்டிலில் ஒருவன் கண்ணைத் திறந்துகொண்டு படுத்திருக்கிறான். “இது யாரு?” என்றீர்கள். தெரியவில்லை என்றேன்.

கேஸ் முடிந்ததும் புத்தகங்களை என்னிடமே கொடுத்துவிடுவீர்கள் என்று நினைக்கிறேன். இனி அவை கிடைக்காது. நல்ல காகிதம், மேடம். அவன் அழுத்தி வரையவில்லை, கையில் அவ்வளவு பலம் இல்லை. மெதுவாக ரப்பர் போட்டால் எல்லாம் போய்விடும்.