பீலித் தண்ணீர்

பாலில் தண்ணீர் கலக்காதவன் எங்கள் தேயிலைத் தோட்டத்தில் இல்லை. நானும் கலந்திருக்கிறேன். பால் எடுக்க வருகிறவன் பால்மானியை விட்டுப் பார்ப்பான். எவ்வளவு தண்ணீர் வரைக்கும் அது வாயைத் திறக்காது என்பது எனக்குத் தெரியும். லயத்து வீடுகளுக்குப் பின்னால் மலையிலிருந்து பீலிக் குழாய் வழியாக விழுகிற தண்ணீர்தான் அதற்குத் தோது. நீங்கள் கேட்டதற்கும் இதற்கும் என்ன சம்பந்தம் என்று பார்க்கிறீர்கள். சம்பந்தம் இருக்கிறது.

மருமகள் பூரணியைப் பற்றி ஒரு குறையும் சொல்ல மாட்டேன். மகன் நிரோஷன் கொழும்பில் கடையில் நிற்கிறான். வீட்டில் அவளும் நானும் ஒரு பசுவும்தான். வயிற்றில் பிள்ளையோடும் விடியுமுன் எழுந்து எனக்குத் தேத்தண்ணி ஊற்றித் தருவாள், மாட்டுக்குப் புல் அறுப்பாள். கடைசியில் கால் வீங்கி, அவள் செருப்புக்குள் கால் நுழையவில்லை. என் செருப்பைப் போட்டுக்கொண்டு திரிந்தாள்.

"இப்ப ஒங்க செருப்புதான் மாமா எனக்கு அளவு" என்று சிரித்தாள்.

நான் வெறுங்காலோடு நடந்தேன். அதை யாரும் பேசுவதில்லை.

கிளினிக்கில் மிட்வைஃப் மிஸ் அவளுக்கு பிரஷர் கொஞ்சம் கூடுதல் என்றார். மேடு ஏறி வந்ததாலும் இருக்கலாம், சிறுநீரையும் சோதிப்போம், அதிலும் கோளாறு என்றால் பிள்ளை பிறக்கும்வரை ஆஸ்பத்திரி வார்டுதான் என்றார். அங்கே சோதிக்கிற பட்டி முடிந்து போயிருந்தது. அதனால் காலையில் முதல் சிறுநீரைப் பிடித்து டவுன் லேபுக்கு அனுப்பச் சொன்னார். பஸ்ஸில் குலுங்கிப் போக அவளால் முடியாது. நான் கொண்டுபோனேன்.

லேபில் ஜெனுஷா என்று ஒரு பிள்ளை. டயகமப் பக்கத்துப் பெண். என் கண் முன்னாலேயே செய் என்றேன்.

"தாத்தாவுக்கு எம்மேல அவ்வளவு நம்பிக்கையா? வாங்க, வந்து நின்னு பாருங்க."

கட்டம் கட்டமாக நிறம் ஒட்டிய பட்டியைத் தோய்த்தாள். மஞ்சளாக இருந்த ஒரு கட்டம் பச்சையாகியது. பிறகு கண்ணாடிக் குழாயில் ஊற்றி, மேல்பாதியை மட்டும் நெருப்பில் காட்டினாள். தெளிந்திருந்தது கலங்கியது. ஏதோ அமிலம் சொட்டு விட்டாள். கலங்கல் போகவில்லை.

"முட்ட வெள்ள வெந்த மாதிரி இருக்கு பாத்தீங்களா? புரதம் போகுது தாத்தா. பிரஷரும் கூடன்னா இது வெளையாட்டு இல்ல. வலிப்பு வந்துடும். இந்தப் பேப்பர இன்னைக்கே மிஸ்கிட்ட குடுங்க. சில நேரம் வெள்ளபடுறது கலந்தாலும் இப்படிக் காட்டும். அதனால நாளைக்குக் கழுவிட்டு, நடுவுல வர்றதப் புடிச்சு இன்னொன்னும் கொண்டாங்க."

எனக்குப் புரியவில்லை என்று சொல்ல மாட்டேன். நன்றாகப் புரிந்தது.

அந்தப் பேப்பரை அடுப்பில் வைத்தேன். ஆஸ்பத்திரியை எனக்குத் தெரியும். என் பெண்சாதி மீனம்மாவைப் பிள்ளைப்பேற்றுக்குக் கொண்டுபோனார்கள். வயிற்றில் தையலோடு அனுப்பினார்கள். அதற்குப் பிறகு அவள் வயிறு திறக்கவில்லை, கருத்தடை செய்துவிட்டிருந்தார்கள். கேட்டதற்கு, உன் கைநாட்டு பேப்பரில் இருக்கிறதே என்றார்கள். இருந்தது. அதில் என்ன எழுதியிருந்தது என்று யாரும் எனக்கு வாசித்துக் காட்டவில்லை. பூரணியையும் அப்படி விட முடியுமா? அதோடு பசு அப்போதுதான் கன்று போட்டிருந்தது. புல்லுக்கு ஆள் வேண்டும்.

மறுநாள் அவளே போத்தலைக் கழுவிப் பிடித்துத் தந்தாள்.

"நேத்து என்னா சொன்னாங்க மாமா? தல வெடிக்கிற மாதிரி இருக்கு. கண்ணுல பூச்சி பறக்குது."

"ஒன்னுமில்ல. இன்னொரு தடவ வேணுமாம்" என்றேன்.

பீலியடியில் நின்று முக்கால்வாசியை ஊற்றிவிட்டுத் தண்ணீர் பிடித்தேன். நிறம் வெளுத்துப் போயிற்று. அவள் எனக்கு ஊற்றித் தந்திருந்த பால் விடாத தேத்தண்ணியிலிருந்து ஒரு துளியைப் போத்தலில் விட்டேன். நிறம் சரியாக வந்தது. பாலில் இவ்வளவு கலந்திருந்தால் மானி காட்டிக் கொடுத்திருக்கும்.

ஜெனுஷா அன்றும் தோய்த்துப் பார்த்தாள், சூடு காட்டினாள். மஞ்சள் மஞ்சளாகவே இருந்தது. குழாயும் கலங்கவில்லை.

"அப்ப நேத்து வெள்ளபட்டதுதான் கலந்திருக்கு. இன்னைக்குச் சுத்தம். அடர்த்திதான் ரொம்பக் கம்மி. நெறையத் தண்ணி குடிக்கிறாங்க போல. குடிக்கட்டும், நல்லதுதான்."

குடிப்பாள் என்றேன். அந்தப் பேப்பரை மிஸ்ஸிடம் கொடுத்தேன். மிஸ் வாசித்துவிட்டு, சரி, அடுத்த கிளினிக்குக்கு வரட்டும் என்றார். பூரணி சாமிப் படத்துக்கு விளக்கு வைத்தாள். புல்லுக்கும் போனாள்.

கிளினிக் நாள் வரவில்லை. அதற்கு முன் அடுப்படியில் விழுந்து வலிப்பில் இழுத்துக்கொண்டாள். கொழுந்து லொறியில் தூக்கிப் போட்டுக்கொண்டு போனோம். தலை என் மடியில்தான் இருந்தது. நாலாவது முறை இழுத்தபோது லொறி மலை வளைவைக்கூடத் தாண்டவில்லை, அவள் போய்விட்டாள். பிள்ளையும் இல்லை. செருப்பு மட்டும் வீட்டுக்கு வந்தது. இப்போது அது எனக்குத் தொளதொளவென்று இருக்கிறது.

ஜெனுஷாவை வேலையிலிருந்து நிறுத்திவிட்டு விசாரிக்கிறீர்கள் என்று கேள்விப்பட்டேன். அதற்காகத்தான் வந்தேன். அவள்மேல் குற்றமில்லை. கொடுத்ததைச் சோதித்தாள். கலந்தவன் நான். தெரிந்துதான் கலந்தேன். எழுதிக்கொள்ளுங்கள். எழுதியதை முதலில் எனக்கு வாசித்துக் காட்டுங்கள், பிறகு கைநாட்டு வைக்கிறேன்.

ஆனால் ஒன்று. மிஸ் படித்தவர், நீங்களும் படித்தவர்கள். அந்தப் பேப்பரில் ஒன்றுமில்லை என்று இருந்தது, அவள் செத்துப்போனாள். ஆஸ்பத்திரிக்காரர்களின் பேப்பரை நம்பக்கூடாது என்று நான் மீனம்மா காலத்திலேயே சொன்னேன். யார் கேட்டீர்கள்?