பீட்ரூட் அறை

“அலோ... அலோ... யாரு, அய்சுலூவா? கேக்குது, கேக்குது, சொல்லும்மா... வந்துட்டியா! எங்க நிக்கிற?... எங்க ஸ்டாப்லயா? அட, அப்புறம் என்ன, ரோட்டைத் தாண்டு. நீலக் கேட்டு, தள்ளினா திறந்துக்கும். நாய்க்குப் பயந்தா நிக்கிற? அது கிழட்டு நாய், குரைக்கவே சோம்பல்படும்...”

துர்சுனாய் போனைக் காதுக்கும் தோளுக்கும் நடுவில் இடுக்கிக்கொண்டு, வட்டமாகப் போட்டிருந்த நாற்காலிகளில் ஒன்றை இழுத்துச் சரிசெய்தாள். காராகோல் நகரத்தில், அடியும் தண்டனையும் இல்லாத வால்டோர்ஃப் முறையில் அவள் நடத்தும் பாலர் இல்லத்துக்குத் திங்கட்கிழமை பிள்ளைகள் வருகிறார்கள். அதற்கு முன்னால், இந்தச் சனிக்கிழமைக் காலை, புது டீச்சர்களை வரவேற்கும் நாள். இந்த வருஷம் இரண்டு பேர். ஒருத்தி பெர்மெத், மூன்று பிள்ளை பெற்றவள். எட்டு மணிக்கே வந்து சமையலறையைப் பிடித்துக்கொண்டு போர்சோக் என்ற மாவுப் பலகாரம் பொரிக்க ஆரம்பித்துவிட்டாள். எண்ணெய் வாசனையும் அவளுடைய சிரிப்பும் வீடு முழுக்க வந்துகொண்டிருந்தன. இன்னொருத்தி அய்சுலூ. வயது நாற்பத்திரண்டு. தலைநகர் பிஷ்கெக்கில் நடந்த பயிற்சியில் பார்த்து, அழுகிற பிள்ளை பக்கத்தில் பேசாமல் உட்காரத் தெரிந்தவள் என்று பிடித்துப்போய், துர்சுனாய் தானாகவே கூப்பிட்டவள். இரண்டு நாற்காலிகளிலும் துர்சுனாய் தன் கையால் தைத்த ஏப்ரன் மடித்து வைத்திருந்தது. ஒன்றில் ஆப்பிள் கிளை, இன்னொன்றில் தகைவிலான் குருவி.

“என்னது? சத்தமாச் சொல்லு, லாரி போகுது... சுவத்துலயா? ஆமா, ஆமா, ராக்கெட்டு. ராக்கெட்டு மேல கரடி. கல்லு கல்லா ஒட்டினது. சோவியத் காலத்துதும்மா. பெயிண்ட் அடிச்சு மறைச்சிடலாம்னு ஒருத்தர் சொன்னாரு, பிள்ளைங்க விட்டாத்தானே... ஏன், பிடிக்கலயா?... அலோ?”

அவள் ஜன்னலுக்குப் போய்த் திரையை விலக்கினாள். தெருவின் அந்தப் பக்கம், வேன் ஸ்டாப் பெஞ்சுக்குப் பக்கத்தில், சாம்பல் நிறக் கம்பளிச் சட்டையோடு அய்சுலூ நின்றிருந்தாள். கையில் கயிறு கட்டிய கேக் பெட்டி.

“தெரியுறே, தெரியுறே, இங்க பாரு, கையாட்டுறேன்... என்ன சொல்ற? இரு, இரு. நீ இந்த ஊரா? நாரின் ஊர்னுல்ல சொன்ன?... பொறந்தது இங்கயா! இதே பாலர் பள்ளியிலயா! அடி கள்ளி, அஞ்சு நாள் என் பக்கத்துல உக்காந்து சாப்பிட்ட, வாயைத் திறக்கலயே... ஓ, தெரியாதா... ஆமா, ஊர் பேரே மாறிப்போச்சு, தெருப் பேரு எந்த மூலைக்கு... கரடியைப் பார்த்துத்தான் தெரிஞ்சுதா? நல்ல கதை! அப்போ இது உன் வீடு. உள்ள வந்து உன் கட்டில் எங்க இருந்துச்சுன்னு காட்டு... வர முடியலயா? ஏன்?... எந்த வருஷம் நீ இங்க இருந்தது?”

சிரித்துக்கொண்டேதான் கேட்டாள். பதில் வந்ததும் சிரிப்பு முகத்திலேயே நின்றுவிட்டது, எடுத்துவைக்க மறந்துபோன பொருள் மாதிரி.

“எண்பத்தி ஏழு...”

பக்கத்தில் இருந்த நாற்காலியில் உட்கார்ந்தாள். அது பிள்ளைகள் நாற்காலி. முழங்கால் மார்பை இடித்தது.

“கேக்குறேன்... ம்... சொல்லு... மத்தியானத் தூக்கத்துல... படுக்கையை நனைச்சதுக்கா... ம்... ஜினாயிதா மத்வேயெவ்னா. ஆமா, தலைமையா இருந்தவ... சமையலறைக்குப் பக்கத்து சாமான் அறை. ஆமா... ஆமா... எவ்வளவு நேரம்னு உனக்குத் தெரியாதா? நாலு மணி நேரம்மா... இல்ல, சும்மா சொன்னேன். அவ்வளவு இருக்கும்னு. சாயங்காலம் அம்மா வந்ததா சொன்னியே, அதை வச்சு...”

அந்த அறை அவள் உட்கார்ந்திருந்த இடத்திலிருந்து தெரிந்தது. அதற்கு இப்போது கதவு கிடையாது. கம்பளிக் கூடை, பட்டுத் துணிகள், பைன் காய்கள், மரக்கட்டைகள் எல்லாம் அங்கேதான். பன்னிரண்டு வருஷத்துக்கு முன்னால், இடியத் தயாராக இருந்த இந்தக் கட்டடத்தை நகரசபையிடம் கேட்டு வாங்கியபோது, ஊரில் இதைவிட நல்ல வீடு இல்லையா என்று எல்லோரும் கேட்டார்கள். கூரை ஒழுகிக்கொண்டிருந்தது. அவள் கூரையைத் தொடவில்லை. முதல் நாளே அந்தக் கதவைக் கழற்றி, முற்றத்தில் போட்டு எரித்தாள். மரம் உளுத்துப்போச்சு என்றாள். உளுக்கவில்லை.

கதவை எரித்தும் சத்தம் போகவில்லை. மத்தியானம் சாப்பாடு முடிந்து, திரையெல்லாம் இழுத்துவிட்டு, யாழை மீட்டி, கடைசிப் பிள்ளையும் தூங்கிய பிறகு அது வரும். மூன்று தட்டு. சின்ன விரல் முட்டியால் தட்டுகிற சத்தம். தட்டுவதற்குக் கதவே இல்லாத இடத்திலிருந்து. வேறு யாருக்கும் கேட்டதில்லை. துர்சுனாய் எழுந்து போய்ப் பார்ப்பாள். கம்பளிக் கூடைகள் இருக்கும். திரும்பி வந்து பிள்ளைகளை எண்ணுவாள். பதினேழு பேர் இருக்கும் இடத்தில் முதல் தடவை எப்போதும் பதினெட்டு வரும்.

“இருட்டு... ம்... ஆமாம்மா, ஜன்னல் கிடையாது அதுக்கு... அந்தப் பீட்ரூட் மூட்டை மேல முழங்காலைக் கட்டிக்கிட்டு, நவம்பர் குளிர்ல, நீ எப்படி...”

ஜன்னலுக்கு வெளியே அய்சுலூ தலையை நிமிர்த்திக் கட்டடத்தைப் பார்த்தாள்.

“அலோ... என்ன?... நீதானே சொன்ன, பீட்ரூட்டுன்னு... சொல்லலயா... எல்லா இடத்துலயும் சாமான் அறையில பீட்ரூட்டுதானேம்மா, நவம்பர் மாசத்துல வேற என்ன... மாசத்தையும் நீ சொல்லலயா... இரு, ஒரு நிமிஷம். பெர்மெத், வேணாம், அப்புறம் சாப்பிடுறேன். நீ போ... கதவைச் சாத்தாதே! திறந்தே இருக்கட்டும்.”

கட்டைவிரலுக்கு அடியில் சிவப்புப் பொத்தான் இருந்தது. இந்தப் பக்கம் லைன் தானாகவே அறுந்துபோவது தினசரி நடப்பு. அழுத்தினால் யாரும் சந்தேகப்பட மாட்டார்கள். அடுத்த வேனில் அந்தப் பெண் போய்விடுவாள். திங்கட்கிழமைக்கு வேறு ஆள் பார்த்துக்கொள்ளலாம்.

“அய்சுலூ. நான்தான் அது... ஆயாவா இருந்தேன். பத்தொன்பது வயசு... ஆமா. துஸ்யா. அந்தத் துஸ்யாதான். துர்சுனாய்ங்கறது ஜினாயிதாவுக்கு வாயில நுழையல, துஸ்யான்னு கூப்பிட்டா, நீங்களும் அப்படியே கூப்பிட்டீங்க... ஆமா... ஆமா, சாவியைத் திருப்பினதும் நான்தான்... போயிடாதே. திட்டிட்டுக்கூடப் போ. கேட்டுட்டுப் போ.”

போனை இன்னொரு காதுக்கு மாற்றினாள்.

“அரை மணி நேரத்துல திறந்து விடுன்னு சொல்லிட்டு அவ மீட்டிங்குக்குப் போயிட்டா. அப்போ சமையக்காரி ஓடி வந்து, கடைக்கு யூகோஸ்லாவியா பூட்ஸு வந்திருக்குன்னா... ஆமா. பூட்ஸு. அந்தக் காலத்துல அது எப்பவாவதுதான் வரும். வரிசை தெருமுனை வரைக்கும் நின்னுச்சு. சாவி என் கோட்டுப் பையில. நீ உள்ள இருக்கறது வேற யாருக்கும் தெரியாது, உன்னை யாரோ வீட்டுக்குக் கூட்டிட்டுப் போயிட்டாங்கன்னு நினைச்சுட்டாங்க... மறந்துட்டேனான்னா கேக்குற?”

இந்தக் கேள்வியை முப்பத்தேழு வருஷமாக அவள் தனக்குத்தானே கேட்டு, ஆமாம் என்று பதிலும் சொல்லி வந்திருக்கிறாள். சின்னப் பெண், ஞாபகம் இல்லாமல் போய்விட்டது. அந்தப் பதிலோடு கல்யாணம் கட்டினாள், பிள்ளை பெற்றாள். பிஷ்கெக்கில் முதல் முறை இந்தப் பயிற்சிக்குப் போனபோது, ஒரு டீச்சர் தரையில் மண்டியிட்டு ஒரு குழந்தையின் செருப்பு வாரை அவிழ்த்துவிடுவதைப் பார்த்து வெளியே ஓடிப்போய் அழுதாள். அப்போதும் அந்தப் பதிலை மாற்றவில்லை.

“மறக்கல... இல்ல. மறக்கலம்மா. கோட்டை மாட்டிக்கிட்டு நடையில நின்னேன். நீ தட்டின. மூணு தடவை. எனக்குக் கேட்டுச்சு. கேட்டுட்டுத்தான் போனேன். வந்து திறந்துக்கலாம், அதுக்குள்ள என்ன ஆயிடப் போகுதுன்னு... ம்... என்ன? திருப்பிச் சொல்லவா?... தட்டின. நீதான் தட்டின. சத்தியமாத் தட்டின... ஏன்மா அப்படிக் கேக்குற?”

பதில் நீளமாக வந்தது. துர்சுனாயின் கை தானாக வாயைப் பொத்தியது. விரல்களுக்கு நடுவிலிருந்துதான் பேசினாள்.

“தட்டினதே உனக்குச் சந்தேகமாப் போச்சா... ஆமா... அதுவும் நான் சொன்னதுதான். ‘விளையாட்டுக்கு உள்ள போயி தானே சாத்திக்கிச்சு, பூட்டு இறுகிக்கிச்சு, எத்தனை கூப்பிட்டும் பதில் சொல்லாம ஒளிஞ்சிருந்துச்சு’ன்னு. உங்கம்மா முகத்தைப் பார்த்தே சொன்னேன். என் கையில பூட்ஸுப் பெட்டி. நீ என் பக்கத்துல நின்ன. உதட்டையே அசைக்கல... வீட்டுக்குப் போயி அடிச்சாங்களா... பெல்ட்டாலயா... எனக்குத் தெரியாதும்மா. மறுநாள் நீ வரல, அதோட வரல... பேச்சு நின்னுபோச்சா? எத்தனை நாள்?... அடுத்த கோடை வரைக்குமா...”

சமையலறையில் பெர்மெத் என்னவோ பாட்டை முணுமுணுத்தாள். துர்சுனாய் மடியில் ஏப்ரன் கிடந்தது, தகைவிலான் போட்டது. எப்போது எடுத்தாள் என்று தெரியவில்லை. நனைந்திருந்தது.

“இல்ல, மன்னிச்சிடுன்னு கேக்கல. எந்த வாயை வச்சுக் கேப்பேன்... அதையும் சொல்லிடுறேன், இப்போ ஒரு நிமிஷத்துக்கு முன்னால போனைக் கட் பண்ணிடலாம்னு நினைச்சேன். உன்னைப் போக விட்டுடலாம்னு... ஆமா. இன்னும் அதே துஸ்யாதான்... அம்மா? அம்மா இருக்காங்களா!... எழுபத்தெட்டு... இப்பவும் அதையே சொல்றாங்களா? போன வாரமா?... மருமககிட்டயா... ‘பாலர் பள்ளிக்கூடத்துல ஒளிஞ்சுக்கிட்டு என் உயிரை வாங்கினவ, இப்போ டீச்சராம்’... சிரிச்சுக்கிட்டே சொன்னாங்களா...”

அதற்குப் பிறகு அய்சுலூ சொன்னதை அவள் குறுக்கிடாமல் கேட்டாள். தலையை மட்டும் ஆட்டினாள். எதிரில் இருப்பவரிடம் ஆட்டுவது போல.

“நானா?... உங்கம்மாகிட்டயா?... இன்னிக்கேவா?... சொல்றேன். இல்ல, தயங்கல. சொல்றேன். பூட்ஸு, தட்டினது, பொய் சொன்னது, எல்லாத்தையும்... சரி. அது வரைக்கும் உள்ள வர மாட்ட. சரி. அதுக்கப்புறமும் வருவியான்னு கேக்க மாட்டேன்... நம்பர் சொல்லு. இரு, இரு, எழுத ஒண்ணும்...”

மேஜையில் பென்சில் இல்லை. பிள்ளைகளின் தேன்மெழுகுக் கிரேயான் ஒன்று கிடைத்தது. மஞ்சள். வரவேற்புப் பாட்டு எழுதி வைத்திருந்த காகிதத்தைத் திருப்பிப்போட்டு எழுதினாள். எண்கள் கோணலாக விழுந்தன. இரண்டு தடவை அடித்து எழுதினாள்.

“ம்... ஏழு... மூணு, மூணு... படிச்சுக் காட்டுறேன், சரியா பாரு... ஆமா. பேரு என்ன அவங்களுக்கு?... புரூல்கான். புரூல்கான் அம்மா. காது நல்லா கேக்குமா?... சத்தமாப் பேசணும். பேசுறேன். இங்க எல்லாருக்கும் கேட்டாலும் கேக்கட்டும்... அய்சுலூ, பெட்டியைக் கீழ வை, உக்காரு அந்தப் பெஞ்சுல... அலோ? அய்சுலூ?...”

லைன் போய்விட்டது.

வேன் ஒன்று வந்து ஸ்டாப்பில் நின்று அவளை மறைத்தது. கதவு சறுக்கித் திறந்தது. துர்சுனாய் ஜன்னல் சட்டத்தைப் பிடித்துக்கொண்டு நின்றாள். யாரோ ஏறினார்கள், யாரோ இறங்கினார்கள். ஓட்டுநர் யாரையோ பார்த்து வருகிறீர்களா என்று கத்திக் கேட்டான், பிறகு கையை உதறிவிட்டுக் கிளப்பினான்.

வேன் நகர்ந்தபோது அய்சுலூ பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். போனை இரண்டு கையாலும் மடியில் பிடித்துக்கொண்டு, அம்மாவின் அழைப்புக்குக் காத்திருந்தாள்.

துர்சுனாய் காகிதத்தைக் கண்ணுக்குக் கிட்டே கொண்டுபோய், வெளிச்சத்தில் பிடித்து, முதல் எண்ணை அழுத்தினாள்.