சளி பிடித்த மிஷின்

ஐப்பசி மழைக்கு வில்லியனூர் ஸ்டேஷனில் ஒதுங்கி, ரயிலுக்காகக் காத்திருந்தேன். அடுத்த பெஞ்சில் நெல் மில் முதலாளி ஒருவர். புதுச்சேரியிலிருந்து அப்போதுதான் வந்திறங்கிய எஞ்சின் மேஸ்திரியிடம் அவர் சொன்னது காதில் விழுந்தது:

"மிஷினுக்குச் சளி புடிச்சிருக்கு, மேஸ்திரி."

எனக்கு ரயில் மறந்துபோயிற்று.

"கைப்பிடியைச் சுத்தினா இன்னா பண்ணுது?"

"ரெண்டு தபா இருமிட்டு கம்முனு நின்னுடுது. அவிச்ச நெல்லை மழைக்காலத்துல காய வைக்கத்தான் அதைக் கப்பல்ல வரவழைச்சேன். அதை நம்பி பத்து மூட்டை அவிச்சுட்டேன்பா. நாத்தம் எடுக்குது."

"எப்பலேருந்து இப்படி?"

"ஆயுத பூஜைலேருந்து."

"பூஜைக்கு இன்னா செஞ்சீங்க?"

"எல்லாரும் செய்யறதுதான். நாலு கொடம் தண்ணி ஊத்திக் குளிப்பாட்டி, சந்தனம் குங்குமம் வெச்சுப் படைச்சோம்."



"எஞ்சினுக்குள்ள தண்ணி பூந்துருக்கு, மொதலாளி. அப்பறம் பொறி எப்படி வரும்? பிரிச்சுப் போட்டு ரெண்டு நாள் நல்ல வெயில்ல காய வெக்கணும்."

முதலாளி கொட்டும் மழையைப் பார்த்தார்.

"ரெண்டு நாள் வெயில் அடிச்சா நெல்லே காஞ்சுடுமேய்யா!"